நாலடி வரும்

மூன்றாவது மாடியில் சர்வேயர் வாங்கிய வீட்டுக்குக் கட்டப்படாத பால்கனி, சாவி கொடுத்த பதினோராவது நாள் காலை ஏழரை மணிக்கு, சரியாக நாலடி அகலத்துக்கு வந்து சேர்ந்தது. தளம் கிடையாது, கைப்பிடிச் சுவர் கிடையாது, அடியில் தாங்குவதற்கு ஒரு கம்பிகூடக் கிடையாது. கூடத்துச் சுவரில் வெறும் ஆகாயத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு கதவு மட்டும் இருந்தது. பணி ஓய்வு பெற்ற நில அளவைக்காரரான சர்வேயர் அந்தக் கதவைத் திறந்து, குறுக்கே அடித்திருந்த இரண்டு இரும்புப் பட்டைகளைத் திருகாணி கழற்றி எடுத்துவிட்டு, மரநாற்காலி ஒன்றை வெளியே வைத்து அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவருடைய பாதத்துக்குக் கீழே ஒரு காக்கை பறந்து போனதை வாசல் காவலாளி பார்த்தார். பார்த்துவிட்டு வழக்கம்போலப் புகார்ப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்த வாரம் சிமெண்ட் மூட்டை விலை ஏறியிருந்தது. கட்டுமானக் கம்பெனியில் அன்றைக்குப் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

பால்கனி இல்லாத இடத்தில் கதவு எதற்கு என்று கேட்கலாம். பிளானில் முதலில் பால்கனி இருந்தது. கதவுக்கு நிலை வைத்து முடித்த பிறகு, சந்துப் பக்கம் ஒரு சாண்கூட நீட்டக் கூடாது என்று அனுமதி அலுவலகத்தில் சிவப்பு மையால் அடித்து அனுப்பிவிட்டார்கள். நல்ல மரத்தில் செய்த நிலையைப் பிடுங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. மேலும் கீழுமாக எட்டு வீடுகளுக்கு இப்படி ஆகாயக் கதவு நின்றுபோயிற்று. ஏழு வீட்டுக்காரர்கள் தொண்டை வறளச் சண்டை போட்டுவிட்டு, கதவை மறைத்து அலமாரி வைத்துக்கொண்டார்கள். சர்வேயர் சண்டை போடவில்லை. கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் தாமதமாகலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கதவை மறைக்காமல் பத்து நாள் காத்திருந்தார்.

கம்பெனியில் சொன்னது என்றால், ஒருத்தி சொன்னது. வீடு விற்கும் பிரிவில் இருந்த அவளை அப்போது எல்லோரும் வரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். கட்டட வேலையில் 'வரும்' இல்லாமல் ஒரு பேச்சு நகராது. பிளானில் விரலை வைத்து, இங்க கிச்சன் வரும், இங்க ஜன்னல் வரும் என்று பொறியாளர் சொன்னால், காகிதத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அளவு கேட்டால் பத்தடி வரும், பன்னிரண்டடி வரும் என்பார்கள். அதற்குக் கிட்டத்தட்ட என்று அர்த்தம். வாங்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? வரும் என்றால் வரும், அவ்வளவுதான். வீடு வாங்க வந்த சர்வேயர், தூண்கள் மட்டும் நின்றிருந்த மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, பால்கனி எங்கே என்று கேட்டார். அவள் தளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, கையிலிருந்த பேனாவால் ஆகாயத்தைக் காட்டி, இங்க வரும் என்றாள். எத்தனை அடி என்றார். நாலடி வரும் என்றாள். கீழே காரில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், எலும்பில் தேய்மானம், நடக்க முடிவதில்லை, காலை வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர், வீடு வாங்குவதே அதற்காகத்தான், நிச்சயம் வருமா என்று மறுபடியும் கேட்டார். மணி இரண்டாகிவிட்டது, அவளுக்கோ பசி.

"நான் சொல்றேன்ல சார், நாலடி வரும்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அன்றைக்கே இன்னும் மூன்று பேருக்கு அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவர்களுக்கெல்லாம் வராதது இவருக்கு மட்டும் ஏன் வந்தது என்பதற்கு இதுவரை யாரும் காரணம் சொன்னதில்லை. குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தடவை விவாதித்துப் பார்த்தார்கள். பேச்சு பாதியில் லிஃப்ட் பழுது பக்கம் போய்விட்டது.

சாவி கொடுத்த அந்த வருஷம் கம்பெனிக்குப் போதாத காலம். அறுபத்து நாலு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு வீட்டை மனத்தில் கட்டி முடித்துவிட்டு, நிஜத்தில் கட்டியதைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவர் சொந்தமாக ரசமட்டம் வாங்கி வந்து சுவர் சுவராக வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் உட்கார்ந்து அழுதார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கை கழுவும் தொட்டி கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று தொடங்கி, நீதானே பார்த்தாய், நீதானே கேட்டாய் என்று வளர்த்து, தனித்தனியாகப் போயிற்று. ஃபிரிட்ஜ் நுழையவில்லை என்று ஒரு பெண் அதைப் பிடித்தபடி லிஃப்ட் வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றாள். முதலாளி கெட்டவர் இல்லை. நான் வீடுதானே கட்டினேன், இவர்கள் எதை வாங்கினார்கள் என்று புரியாமல் திகைத்துப்போனார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இனி யாராக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் விளக்கக் கூட்டம். அதில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீடு. அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது? அதிகமாகப் புளுகியவளுக்குத்தான் எது புளுகு என்று தெரியும் என்று அவளையே போட்டார். வயரிங் வேலை பார்த்த அவள் கணவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுக்கையில் இருந்தார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் போகப் போக அந்த வேலையில் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கூட்டம் நடக்கும் கூடத்தில், பூசி ஒரு வருஷம் ஆறப்போட்ட சுவர் ஒன்றைக் கட்டிவைக்கச் சொன்னாள். தலைமுடி அளவு விரிசல்கள் அதில் ஓடும். எல்லோரையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வாள். ஒரே பெட்டியில் வந்த டைல்ஸைத் தரையில் பரப்பி, நிறம் எப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகிறது என்று காட்டுவாள். படுக்கையறை அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நடுவில் நிஜக் கட்டிலைப் போட்டு, சுற்றி நடந்து பாருங்கள் என்பாள். முழங்கால் இடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. மேல்மாடியில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் குழாயில் இறங்கும் சத்தத்தைக் கேட்கவைப்பாள். விளம்பரத் தாளில் இருக்கிற மரம் இருக்காது. சுவர் கண்ணாடிபோல் இருக்காது. சொன்ன தேதியில் வீடு தயாராக இருக்காது, ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் வராமல் இருக்காது. எதிரே இன்றைக்கு வெறும் மண்தான்; நாளைக்கு அங்கே கட்டடம் எழும்பாமல் இருக்காது. இப்படியே பேசிப் பேசி இருக்காதக்கா என்று பெயர் வாங்கினாள். வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பாதி வாங்கினார்கள், குடிவந்தார்கள், விரிசல் வந்தபோது அட, அக்கா சொன்னபடியே வந்துவிட்டதே என்று ஏதோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். லிஃப்ட் வாசலில் யாரும் அழவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்றால் அது பொய்யில்லை.

இந்தப் பக்கம் சர்வேயர், வந்துசேர்ந்த பால்கனியை ஆறு காலைகள் அளந்தார். நிலைப்படியிலிருந்து டேப்பை நீட்டினால் நாலடி வரைக்கும் அது நேராகக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் நுனி கீழே தொங்கியது. அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நூல். கொத்தனார்களின் கணக்கு, அவருக்கும் அதுதான் கணக்கு. ஆறு நாளும் அளவு மாறாததைக் குறித்துக்கொண்ட பிறகுதான், ஏழாம் நாள் மனைவியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே உட்காரவைத்தார். எதிரே எழும்பியிருந்த கட்டடம் வீட்டுக்கு வர வேண்டிய வெயிலையெல்லாம் மறைத்துவிட்டிருந்தது. அதற்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகக் காலையில் ஒரு பட்டை வெயில் வரும். அதுவும் சுவரைத் தொடாது, இரண்டடி தள்ளி அந்தரத்தில் விழும். அந்த அந்தரத்தில் அந்த அம்மா தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தாள். மூன்று மாதத்தில் டம்ளரைத் தானே பிடித்தாள். ஆறாவது மாதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அந்த நாலடிக்குள்ளேயே நாலு எட்டு நடந்தாள். கீழே காய்கறி வாங்கப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, இன்னைக்குப் பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் ஒரு மெத்தையை வெயிலில் போட இடம் கேட்டாள். கனம் தாங்குமா என்று தெரியவில்லை என்று சர்வேயர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

எட்டாவது மாதம் தொட்டிகள் விழத் தொடங்கின. ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த நாலு பூந்தொட்டிகளும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில், காலை பதினொன்றரை மணிக்கு, சங்கச் செயலாளரின் கார்மேல் ஒவ்வொன்றாக விழுந்தன. செயலாளர் கம்பெனிக்கு எழுதினார். வாங்கியவர்களுக்கு எடுத்துச் சொல்கிற ஆள்தான் இருக்கிறாளே என்று இருக்காதக்காவை அனுப்பினார்கள். அங்கே பால்கனி கிடையாது, தயவுசெய்து உள்ளே வந்துவிடுங்கள் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் போனபோது கதவு திறந்திருந்தது. வெளியே ஆகாயத்தில் அந்த அம்மா உட்கார்ந்து, தலைமுடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பேனாவால் காட்டிய அந்த மத்தியானமும் அன்றைய பசியும் இருக்காதக்காவுக்கு அப்படியே ஞாபகம் வந்தன. சர்வேயர் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கோபமில்லை, குறை சொல்லவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சும்மா. அளந்து பார்த்தேன், நாலடி. இப்பக் கொஞ்ச நாளா குறையுது."

கொண்டுபோன தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் ஆள் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிச் சமாளித்தாள். அதற்குப் பிறகு திங்கட்கிழமை தோறும் வேலைக்குப் போகிற வழியில் மூன்றாவது மாடிக்கு ஏறிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. திங்கட்கிழமைதான் சர்வேயர் அளக்கும் நாள். அளந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார்: மூன்றடி ஆறு அங்குலம், மூன்றடி ஐந்து அங்குலம் ஏழு நூல், மூன்றடி ஐந்து அங்குலம் ஆறு நூல். வாரத்துக்கு ஒரு நூல். கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இரண்டாவது வருஷம் அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் கூட்டம் நடக்கவில்லை. தேறி எழுந்து போய் நோட்டைப் புரட்டினால், அந்த மூன்று வாரமும் ஒரே அளவு, மூன்றடி இரண்டு அங்குலம். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டிகள் விழுந்த பதினொன்றரை மணி என்பது கூட்டத்தில் பாதி நேரம். படுக்கையறைக் கோட்டைச் சுற்றி எல்லோரும் நடந்து முடித்து, அவள் இருக்காது, இருக்காது என்று தாள் தாளாகப் படிக்கிற நேரம். வீட்டில் நாளைக்குப் பால் இருக்காது என்று சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக் கூடத்தில், வீடு வாங்க வந்தவர்களிடம் சொன்னால்தான் இங்கே ஒரு நூல் தேய்ந்தது. அவள் சொல்லி வந்தது, அவள் சொல்லித்தான் போய்க்கொண்டிருந்தது.

மறைத்து வைக்க அவளால் முடியவில்லை. மறுநாளே இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு போன கணவரைச் சொன்னாள், மகள் அப்போதுதான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருப்பதைச் சொன்னாள், மூன்று வருஷப் படிப்பு என்று சொன்னாள், சொல்லிவிட்டு இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று வெட்கப்பட்டாள். சர்வேயர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். வெயில் விழுவது இரண்டடிக்கு அப்பால். மூன்றடி இரண்டு அங்குலத்தில் இரண்டடி போனால் பதினாலு அங்குலம். நூலுக்கு ஒரு ஞாயிறு என்றால் நூற்றுப் பன்னிரண்டு ஞாயிறு. மூன்று வருஷத்துக்கு நூற்று ஐம்பத்தாறு ஞாயிறு. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது. அந்த அம்மாதான் முதலில் பேசினாள்.

"அன்னைக்கே இப்படி எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருந்தா, நாங்க இந்த வீட்டை வாங்கியிருக்கவே மாட்டோம்மா. நல்லவேளை, சொல்லல."

அவ்வளவுதான். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும், கோபம் வந்தால் சண்டை போட்டுவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். மாறாக மகளுக்கு விடுதியில் சாப்பாடு எப்படி, தூங்குகிறாளா என்று விசாரித்தார்கள். படி இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். இப்படி ஒரு பாவத்தை யார் தலையிலும் கட்டக் கூடாது என்று நினைத்தாள். பிறகு வேலைக்கு நேரமாயிற்று.

அவள் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால்தானே குறைகிறது என்று ஒரு மாதம் எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் கொடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிய தாள் என்பதால் அதற்கும் நூல் தேய்ந்தது. உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தாள். அந்த வாரங்களில் கூட்டத்தை விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர் நடத்தினார். அவர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் வரும், வரும் என்றே சொல்லிவைக்க, அதை நம்பித் தரைத்தள வீட்டை வாங்கிய ஒரு குடும்பம் கிணறு எங்கே என்று சாமான்களோடு வாசலில் நின்றது. முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பி, நீ சொல்ற மாதிரி இங்க யாருக்கும் சொல்ல வரல, உன்னால எத்தனை பேர் அழாம இருக்காங்க தெரியுமா என்று கேட்டார். அதுவும் உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவள் எதிரே உட்கார்ந்திருந்த முகங்கள், சேர்த்து வைத்ததையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு வந்த முகங்கள். அவர்களிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் நாற்காலிக் கால்கள் கண்ணுக்குள் நின்றன.

மூன்றடியில் இரண்டு நாற்காலி போட முடியவில்லை. சர்வேயர் தன் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். இரண்டரை அடியில் அந்த அம்மாவின் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள். வெயில் முகத்தில் விழாமல் ஒரு தோளிலும் ஒரு கையிலும் விழுந்தது. இரண்டடி இரண்டு அங்குலத்தில் அவள் கையை நீட்டி வெயிலில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் மட்டும் விழுந்தது. அதற்குள் நடை போயிருந்தது, டம்ளர் பிடிப்பதும் போயிருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது ஞாயிறு கூட்டம் முடிந்த மறுநாள் இருக்காதக்கா மாடி ஏறிப் போனபோது, நோட்டில் இரண்டடி என்று எழுதி, பக்கத்தில் வெயில் இல்லை என்று எழுதியிருந்தது. அளவைத் தவிர வேறு எதையும் அவர் அந்த நோட்டில் அதுவரை எழுதியதில்லை. அந்த அம்மா வழக்கம்போல வெளியேதான் உட்கார்ந்திருந்தாள், நிழலில். இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை, மகள் முடித்துவிடுவாள் என்று இருக்காதக்கா சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படிச்சு முடிக்கட்டும்மா என்றார் சர்வேயர்.

மகள் படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த வாரம் இருக்காதக்கா வேலையை விட்டாள். அன்றைக்குப் பால்கனி ஒரு அடி ஏழு அங்குலம். அதற்குப் பிறகு அது குறையவே இல்லை. அவள் ஐந்து அங்குலம் தாமதமாகிவிட்டாள். மழைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு பிற்பகலில், சர்வேயர் மனைவியின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனாள். எலும்பு, நுரையீரல் என்று மருத்துவர் ஏதோ எழுதிக் கொடுத்தார். இருக்காதக்கா போய்க் கூடத்தின் மூலையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. தனக்கு அழுவதற்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அவளும் அதைக் கூப்பிடவில்லை. சர்வேயர் அவளுக்கும் ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அடுத்த மாதம் கம்பெனியிடம் வீட்டை விற்கச் சொல்லிவிட்டு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நோட்டை அவளிடம் கொடுக்கவில்லை, கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. இதைப் போட்டால் நன்றாகத் தெரியுமா என்று யாராவது கேட்டால், போட்டுப் பாருங்க என்று மட்டும் சொல்வாள். வரும் என்பதும் இருக்காது என்பதும் அவள் பேச்சிலிருந்து நின்றுபோயிருந்தன. படுக்கையிலிருந்து கணவர், எனக்கு எழுந்து நடக்க வருமா என்று கேட்பதுண்டு. அவள் தலையணையைச் சரிசெய்து வைப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து முதலாளியே கடைக்கு வந்தார். சர்வேயர் வீட்டைத் தனியாளாக இருக்கும் ஒரு தையல்காரி வாங்குகிறாள். முன்கூட்டியே எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு அடி ஏழு அங்குலத்தை எப்படி எழுதுவது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை, நீதான் வரணும் என்றார். மதியம் கடையில் சொல்லிவிட்டுப் போனாள். வீடு காலியாக இருந்தது. தையல்காரி அளவு எடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்திருந்தாள். இருக்காதக்கா கதவைத் திறந்துவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, ஒரு மணி நேரம் பேசினாள். பேச்சில் இருக்காது என்ற அந்த ஒரு சொல் வந்துவிடாதபடி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். இது பிளானில் கிடையாது. அகலம் ஒரு அடி ஏழு அங்குலம், நாடாவை நீட்டினால் தெரியும். ஒருவர் பக்கவாட்டில் உட்காரலாம், இரண்டு பேர் நிற்கக் கூடாது. ஓரத்தில் எதையும் வைக்கக் கூடாது. தையல்காரி மண்டியிட்டு நாடாவை நீட்டினாள். பத்தொன்பது அங்குலம் வரை நேராகக் கிடந்தது, அதற்கு மேல் தொங்கியது. அவள் தலையாட்டிக்கொண்டு எழுந்து, தாளை வாங்கிப் படித்தாள்.

"இது எப்பவும் இருக்குமா?"

இருக்காதக்காவுக்குப் பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இருக்கற வரைக்கும் இருக்கும்."

"வெயில்?"

"வராதும்மா. முன்னாடி வந்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நிறுத்திட்டேன்."

தையல்காரி ஏன் என்று கேட்கவில்லை. துணி காயப்போடலாமா என்று கேட்டாள். போடலாம், காய ஒரு நாள் பிடிக்கும் என்றாள் இருக்காதக்கா. அதையும் தாளின் அடியில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தையல்காரி கையெழுத்துப் போட்டாள். குடிவந்த மறுநாள் காலை, மூன்றாவது மாடிக்கு வெளியே, ஆகாயத்தில் ஒரு ஈரத் துண்டு விரித்துக் கிடந்தது. வெயில் இல்லாததால் அது காய்வதற்குச் சாயங்காலம் ஆயிற்று.